உப்புநீர் மீன்தொட்டியில் நைட்ரேட்டைக் குறைப்பது எப்படி: மட்டக்களப்பிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

கல்லடியில் எங்கள் வீட்டு விறாந்தையில் மூன்றடி நீளத் தொட்டி ஒன்று இருக்கிறது. கீழே உள்ள சம்ப் என்ற துணைத் தொட்டியோடு சேர்த்து 200 லீற்றர் கடல்நீர். இரண்டு கோமாளி மீன், நாலு டாம்சல், ஒரு சுத்திகரிப்பு இறால், கொஞ்சம் மென்பவளம். ஒரு காலத்தில் அதில் நைட்ரேட் 80 பிபிஎம்மில் (லீற்றருக்கு 80 மில்லிகிராம்) ஏறி நின்றது. வாராவாரம் பத்து வீதம் தண்ணீர் மாற்றியும் மாதக்கணக்கில் அசையவில்லை. கண்ணாடியில் பச்சைப் பாசி, பவளம் சுருங்கிக் கிடந்தது, அப்போதிருந்த இறால்கள் ஒவ்வொன்றாகச் செத்தன. மீன்கள் மட்டும் ஒன்றும் நடக்காததுபோல் நீந்திக்கொண்டிருந்தன. கடல் மீன்கள் நைட்ரேட்டை நன்றாகவே தாங்கும். அதனால்தான் நம் கவனமும் பிந்திப்போகிறது.

காத்தான்குடியில் மீன்தொட்டிச் சாமான் விற்கும் ஒரு நானாவிடம் போய் நைட்ரேட் மருந்து கேட்டேன். அவர் போத்தலை எடுக்கவில்லை. "தம்பி, மருந்து கிடக்கட்டும். உங்கட கிணத்துத் தண்ணியச் சோதிச்சுப் பாத்தீங்களா?" என்றார். அதுவரைக்கும் தொட்டித் தண்ணீரை ஐம்பது தடவை சோதித்திருப்பேன், கிணற்றுத் தண்ணீரை ஒரு தடவைகூட இல்லை. அன்று பின்னேரமே பார்த்தேன். 40 பிபிஎம். கடல்நீர் செய்யும் உப்புத்தூளைக் கரைப்பதும் அந்தத் தண்ணீரில்தான், ஆவியாகும் தண்ணீருக்கு ஈடாக ஊற்றுவதும் அதே தண்ணீர்தான்.

ஆகவே இந்த வழிகாட்டியில் மருந்தும் கருவியும் கடைசியில்தான் வரும். நைட்ரேட் என்பது வரவு செலவுக் கணக்கு. எங்கிருந்து எவ்வளவு வருகிறது என்று தெரியாமல் எதைக் கொட்டினாலும் காசுதான் கரையும்.

நைட்ரேட் எங்கே பிறக்கிறது

பள்ளிக்கூடப் புத்தகத்தில் இதை நைத்திரேற்று என்று படித்திருப்போம். மீன் தின்ற தீனி, தின்னாமல் அழுகிய தீனி, கழிவு, செத்த பாசி எல்லாம் முதலில் அமோனியாவாகும். ஒருவகை பக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும், இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்கும். அமோனியா கொடிய நஞ்சு, நைட்ரைட் கடல்நீரில் அந்தளவு கடுமையில்லை, நைட்ரேட் மெதுவான தொல்லை. ஒட்சிசன் உள்ள இடத்தில் இந்தச் சங்கிலி நைட்ரேட்டோடு நின்றுவிடும். அதற்குமேல் போக வேண்டுமானால் ஒட்சிசன் இல்லாத இடம் தேவை. கல்லின் உட்துளைகளிலும் ஆழமான மணலின் அடியிலும் வாழும் வேறு பக்டீரியாக்கள் நைட்ரேட்டிலிருந்து ஒட்சிசனை உறிஞ்சிக்கொண்டு நைதரசன் வாயுவை விட்டுவிடும். அது குமிழியாய்க் காற்றோடு போய்விடும்.

ஆக, நைட்ரேட் வெளியேற மூன்று வழிதான் உண்டு: தண்ணீரோடு ஊற்றிவிடுவது, பாசியாகவோ பக்டீரியாவாகவோ வளர்த்து எடுப்பது, வாயுவாகப் போகவிடுவது. சந்தையில் என்ன பெயரில் எது விற்றாலும் இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும், அல்லது நைட்ரேட் பிறக்கும் முன்பே அழுக்கை எடுக்கும் வேலையாக இருக்கும். ஒரு விதிவிலக்கு: நன்னீர்த் தொட்டிக்கு விற்கும் நைட்ரேட் உறிஞ்சும் ரெசின் பைகள். கடல்நீரில் குளோரைட்டு அவ்வளவு மிதமிஞ்சி இருப்பதால் ரெசின் அதையே பிடித்துக்கொண்டு நிறைந்துவிடும். வாங்க வேண்டாம்.

முதல் வேலை: ஒழுங்காகச் சோதிப்பது

பவளப்பாறை இருக்கும் திறந்த கடலில் நைட்ரேட் ஒரு பிபிஎம்மைக்கூடத் தொடாது. வீட்டில் அந்தளவு வேண்டாம். மீன் மட்டும் என்றால் 30, 40 வரை பெரிய ஆபத்தில்லை. மென்பவளம் இருந்தால் 5 முதல் 15, கல்பவளம் என்றால் 2 முதல் 10 என்று வைத்துக்கொள்ளலாம்.

திரவ டெஸ்ட் கிட்தான் நம்பலாம், பட்டைகள் வேண்டாம். இரண்டு போத்தல் வரும் கிட்டில் இரண்டாவது போத்தலின் அடியில் தூள் படிந்து கிடக்கும். அதை அரை நிமிடமாவது பலமாகக் குலுக்க வேண்டும், மேசையில் தட்டியும் குலுக்கலாம். துளி விட்டபின் குழாயையும் ஒரு நிமிடம் குலுக்க வேண்டும். இதைச் செய்யாமல் "எனக்கு நைட்ரேட் பத்துத்தான்" என்று நிம்மதியாக இருப்பவர்களை எனக்குத் தெரியும், நானும் அதில் ஒருவனாக இருந்தவன். குழாயை வெள்ளைத் தாளுக்கு முன்னால் பிடித்துப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். மஞ்சள் பல்பின் கீழே செம்மஞ்சளும் சிவப்பும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

நிறம் அட்டையின் கடைசிக் கட்டத்துக்குப் போய்விட்டால் உண்மையான அளவு அதற்கு மேலும் இருக்கலாம். அப்போது ஒரு பங்கு தொட்டித் தண்ணீரோடு நைட்ரேட் இல்லாத தண்ணீர் மூன்று பங்கு கலந்து சோதித்து, வந்த எண்ணை நாலால் பெருக்குங்கள். இன்னும் இரண்டு விஷயம். தொட்டியில் நைட்ரைட் இருந்தால் அதையும் இந்தக் கிட் நைட்ரேட் என்று கூட்டிக் காட்டும், ஆகவே புதுத் தொட்டிக்காரர்கள் முதலில் நைட்ரைட்டைப் பாருங்கள். சில கிட்கள் நைதரசனாக மட்டும் அளவு சொல்லும். அந்த எண்ணை 4.4 ஆல் பெருக்கினால்தான் நைட்ரேட் வரும்.

கொப்பி ஒன்று எடுத்துத் திகதி, அளவு, தண்ணீர் மாற்றிய லீற்றர், தீனி எல்லாவற்றையும் எழுதுங்கள். இரண்டு வாரம் வேறெதையும் மாற்றாமல் எழுதினாலே, வாரத்துக்கு எத்தனை ஏறுகிறது என்று தெரிந்துவிடும். அந்த எண் இல்லாமல் கீழே உள்ள எதுவும் சரிவராது.

இரண்டாவது: வரும் வழிகளை அடைப்பது

தண்ணீரிலிருந்து தொடங்குவோம். நம் கரையோரம் முழுக்க மணல். கிணறு ஒரு பக்கம், மலசலகூடக் குழி மறுபக்கம், நடுவில் யூரியா போட்ட மரக்கறித் தோட்டம் என்றால் மழையோடு எல்லாம் கீழே இறங்கும். மணல் எதையும் தடுக்காது. குடிநீருக்கு உலக சுகாதார அமைப்பு சொல்லும் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம், அதாவது 50 பிபிஎம். என் கிணற்றின் 40 குடிப்பதற்குப் பிழையில்லை. தொட்டிக்குப் பெரும் பிழை.

கணக்கைப் பாருங்கள். வெயில் காலத்தில் என் தொட்டியில் ஒரு நாளைக்கு மூன்று லீற்றர் ஆவியாகும். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், நைட்ரேட் உள்ளேயே தங்கும். மூன்று லீற்றர் கிணற்றுத் தண்ணீரில் 120 மில்லிகிராம் நைட்ரேட். 200 லீற்றரில் அது நாளுக்கு 0.6 பிபிஎம், வாரத்துக்கு 4.2. இனி என் வாராந்தத் தண்ணீர் மாற்றம்: பத்து வீதம் எடுத்தபோது 80இல் 8 போனது, அதே கிணற்று நீரில் கரைத்த உப்புத் தண்ணீரை ஊற்றியபோது 4 திரும்பி வந்தது. மிச்சம் குறைந்தது 4. வாரம் முழுக்க முதுகு வலிக்க வாளி தூக்கியது, ஆவியான தண்ணீரை நிரப்பிய பாவத்தைத் தீர்க்கவே போதவில்லை.

கொதிக்கவைத்தால் சரியாகாதா என்று பலர் கேட்பார்கள். ஆகாது. தண்ணீர் வற்ற வற்ற நைட்ரேட் இன்னும் செறியும். ஆர்.ஓ. (நுண்சவ்வால் வடித்த) தண்ணீர்தான் வழி, சிறு நகரங்களிலும் இப்போது கான் கணக்கில் விற்கிறார்கள். வாங்கும் இடத்தில் ஒரு தடவை சோதித்துப் பாருங்கள், வடிகட்டி பழசானால் நைட்ரேட் உள்ளே வரும். உன்னிச்சைக் குளத்து நீர் குழாயில் வரும் வீடுகளில் அதையும் சோதிக்கலாம், என் அக்கா வீட்டில் ஐந்துக்கும் குறைவாக இருந்தது. குழாய் நீர் என்றால் குளோரின் நீக்க மறக்கக் கூடாது. மாரியில் மழைநீரும் நல்லதுதான். முதல் மழைகளை விட்டுவிட்டு, கூரைத் தண்ணீராக இல்லாமல் முற்றத்தில் சுத்தமான பொலித்தீன் விரித்து நேராகப் பிடியுங்கள். ஏசியிலிருந்து ஒழுகும் தண்ணீரை மட்டும் கிட்டவும் எடுக்க வேண்டாம். உள்ளே இருப்பது செப்புக் குழாய், செப்பு இறாலையும் பவளத்தையும் கொல்லும்.

அடுத்தது தீனி. நல்ல உருண்டைத் தீனியில் ஏறத்தாழ 45 வீதம் புரதம். புரதத்தில் ஆறில் ஒரு பங்கு நைதரசன். ஒரு கிராம் தீனி முழுக்க நைட்ரேட்டாக மாறினால் 320 மில்லிகிராம் அளவில் வரும், 200 லீற்றரில் 1.6 பிபிஎம். மீனின் உடம்புக்கும் ஸ்கிம்மருக்கும் (அழுக்கை நுரையாக எடுக்கும் கருவி) போவதைக் கழித்தாலும், நாளுக்கு ஒரு கிராம் என்பது வாரத்தில் சாதாரணமாக ஐந்தாறு பிபிஎம்மை ஏற்றும். விரல் நுனியால் எடுத்துப் போடும்போது ஒரு கிராமா இரண்டா என்று தெரியாது. நகைக்கடைத் தராசு மாதிரிச் சின்னதொன்றில் ஒரே ஒரு தடவை நிறுத்து, அதற்கேற்ற கரண்டியைத் தெரிவுசெய்து கொள்ளுங்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் தீனி டப்பாவை உயரத்தில் வையுங்கள். பாசத்தில் வரும் நைட்ரேட்டுக்குக் கிட் எதுவும் இல்லை.

நம் ஊரில் வாவி இறால் மலிவாகக் கிடைக்கும்போது அதை அரைத்துப் போடுவது வழக்கம். மீன்கள் பாய்ந்து தின்னும். ஆனால் அரைத்த இறாலின் பால்போன்ற சாறை ஒரு மீனும் தின்னாது, அது நேரே அமோனியாவுக்குப் போகும். அரைக்காமல் பொடியாக வெட்டி, தேத்தண்ணி வடியில் போட்டு நல்ல தண்ணீரில் அலசி, பிறகு கொடுங்கள். உறைந்த தீனிக் கட்டிக்கும் இதே முறைதான்.

மூன்றாவது வழி கண்ணுக்குத் தெரியாதது. என் கனிஸ்டர் வடிகட்டியை (தொட்டிக்கு வெளியே இருக்கும் மூடிய வடிகட்டி) திறந்து எட்டு மாதமாகியிருந்தது. ஸ்பொஞ்சை வாளிக்கு மேலே பிடித்துப் பிழிந்தேன். சாயம் கூடின பிளேன்ரீ நிறத்தில் ஒழுகி, நாலாவது பிழிவில் கஞ்சி மாதிரித் தடித்தது. அந்த மணத்தை அம்மா குசினியிலிருந்து உணர்ந்துவிட்டார். நான் வடிகட்டி என்று நினைத்துக்கொண்டிருந்தது, தொட்டித் தண்ணீர் முழுக்க இரவு பகலாக ஊடுருவிப் போகும் ஒரு குப்பைக்கிடங்கு. ஸ்பொஞ்சும் வடிகட்டும் துணியும் வைத்தால் மூன்று நாலு நாளுக்கு ஒருமுறை, அதிகம்போனால் வாரத்துக்கு ஒருமுறை கழுவ வேண்டும். முடியாதென்றால் கழற்றிவிடுவது நல்லது. பக்டீரியா தங்குவதற்கான "பயோ போல்" பிளாஸ்டிக் உருண்டைகள் நிறைந்த பெட்டியும் இப்படித்தான். அதை ஒரேநாளில் எடுத்தால் அமோனியா பாயும், வாரத்துக்கு நாலில் ஒரு பங்காக எடுங்கள்.

மணலின் மேற்பரப்பைக் குழாயால் உறிஞ்சும்போதும் ஒருதடவையில் பாதிக்கு மேல் தொட வேண்டாம். வருடக்கணக்கில் கிளறாத ஆழமான மணலாக இருந்தால் அடியைக் கிளறவே கூடாது. கூழ்முட்டை நாற்றமுள்ள ஐதரசன் சல்பைட்டு வெளிவந்து மீன்களை ஒரே இரவில் முடித்துவிடும்.

மூன்றாவது: தண்ணீர் மாற்றம், சரியான அளவில்

இங்கேதான் ஒரு சின்னக் கணக்கு பலருடைய வருடங்களை மிச்சப்படுத்தும். உங்கள் தொட்டியில் வாரத்துக்கு 6 பிபிஎம் ஏறுகிறது, நீங்கள் நைட்ரேட் இல்லாத தண்ணீரால் பத்து வீதம் மாற்றுகிறீர்கள் என்று வையுங்கள். நைட்ரேட் 60 வரை ஏறி அங்கே நிற்கும். 60இல் பத்து வீதம் 6, ஏறுவதும் 6. அதற்குமேல் ஏறவும் மாட்டாது, எத்தனை வருடம் மாற்றினாலும் இறங்கவும் மாட்டாது. 25 வீதம் மாற்றினால் 24இல் நிற்கும். ஏற்றத்தை 3 ஆகக் குறைத்து 25 வீதம் மாற்றினால் 12. தீனியையும் தண்ணீரையும் முதலில் சரிசெய்யச் சொன்னது இதற்காகத்தான்.

80இலிருந்து இறக்க, மூன்று நாலு நாள் இடைவெளியில் 25 வீதமாக நாலு தடவை மாற்றினேன்: 60, 45, 34, 25. இடையில் ஏறியதோடு கடைசியில் 30 அளவில் நின்றது. ஒரேயடியாக எண்பது வீதம் மாற்றி வீரம் காட்ட வேண்டாம். உயர்ந்த நைட்ரேட்டுக்குப் பழகிய உயிர்களுக்குத் திடீர் மாற்றமும் அடிதான். புதுத் தண்ணீரின் உப்புச்செறிவும் சூடும் தொட்டியோடு ஒத்திருக்க வேண்டும். லீற்றருக்கு 35 கிராம் உப்பு, உப்புச்செறிவு பார்க்கும் ரிபிராக்ரோமீற்றரில் அடர்த்தி 1.025 அல்லது 1.026.

கடல் பக்கத்தில்தானே இருக்கிறது, உப்புத்தூள் எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பங்குனியிலிருந்து புரட்டாதி வரை நானும் கடலிலிருந்துதான் எடுக்கிறேன். ஆனால் இடமும் காலமும் பார்க்க வேண்டும். மாரியில், வாவி கடலோடு சேரும் முகத்துவாரம் திறந்ததும் வாவித் தண்ணீர் பால்தேத்தண்ணி நிறத்தில் கடலுக்குள் பாயும். வயல் உரம், ஊர்க் கழிவு எல்லாம் அதில் இருக்கும், உப்பும் குறைந்துவிடும். அந்த நாட்களில் பாலமீன்மடு, நாவலடிப் பக்கம் வாளியோடு போவது வீண். நல்ல காலத்தில், மழையில்லாத ஒரு வாரத்துக்குப் பிறகு, வாவியின் வாயிலிருந்து தள்ளிப் பாசிக்குடா கல்குடாப் பக்கம், படகுகள் நிற்காத இடத்தில், இடுப்பளவு ஆழத்தில் எடுங்கள். தடித்த துணியில் வடித்து, மூடிய கானில் இருட்டில் இரண்டு வாரம் வைத்தால் உள்ளே இருந்த நுண்ணுயிர்கள் செத்து அடியில் படியும். மேல் தண்ணீரை மட்டும் எடுத்து ஒருநாள் காற்று விட்டு, அமோனியாவும் நைட்ரேட்டும் பார்த்தபின் ஊற்றுங்கள். போன இடத்தில் முருகைக்கல் ஒன்றையும் பொறுக்கி வரலாமே என்று தோன்றும். உயிர்ப் பவளத்தை உடைப்பதும் எடுப்பதும் நம் நாட்டில் சட்டப்படி குற்றம். தொட்டிக் கல்லைக் கடையில் வாங்குங்கள்.

நான்காவது: ஸ்கிம்மரும் பாசியும்

புரோட்டீன் ஸ்கிம்மர் நைட்ரேட்டை எடுக்காது, நைட்ரேட் ஆகப்போகும் அழுக்கை நுரையாக எடுக்கும். அதன் கழுத்துக் குழாயில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறினால் நுரை மேலே வராது. இரண்டு நாளுக்கு ஒருமுறை விரலை விட்டுத் துடைத்தால் போதும்.

சம்ப்பில் பாசி வளர்ப்பது எனக்குப் பிடித்த முறை. கம்பிச் சுருள்போல் வளரும் கீட்டோமோர்ஃபா நல்லது. கொடிபோல் ஓடும் கோலர்பாவும் வளரும், ஆனால் சிலவேளை ஒரே இரவில் வெளிறிக் கரைந்து, உறிஞ்சியதையெல்லாம் திரும்பக் கக்கிவிடும். சம்ப்பின் விளக்கை இரவில் எரியவிடுங்கள், தொட்டி இருட்டாகும் நேரத்தில் ஒட்சிசனும் பிஎச்சும் விழாமல் இருக்கும். பாசி பந்துபோல் நிறைந்ததும் மூன்றில் ஒரு பங்கைப் பிய்த்து வெளியே எறிய வேண்டும். அறுக்காத பாசியால் பயனில்லை. கண்டல் கன்று நட்டால் என்ன என்று வாவிக்கரை ஊர்க்காரர் எல்லோருக்கும் ஒருநாள் தோன்றும். நானும் தானாக விழுந்து மிதந்து வந்த ஒரு காயை நட்டேன். இரண்டு வருடத்தில் ஆறு இலை. அழகாக இருக்கிறது, நைட்ரேட்டுக்கு அதைத் தெரியாது.

ஐந்தாவது: வினாகிரி

இதையெல்லாம் செய்தும் 20, 25க்குக் கீழே இறங்காவிட்டால் மட்டும் காபன் ஊட்டும் முறைக்குப் போங்கள். தண்ணீரில் பக்டீரியாவுக்கு நைட்ரேட் இருக்கிறது, பொஸ்பேட்டும் இருக்கிறது, காபன் உணவுதான் குறைவு. அதைக் கொஞ்சமாகக் கொடுத்தால் பக்டீரியா பெருகி நைட்ரேட்டைத் தன் உடம்பாக்கும். ஸ்கிம்மர் அந்தப் பக்டீரியாவை நுரையோடு எடுக்கும். ஸ்கிம்மர் இல்லாதவர்கள் இதைத் தொடவே கூடாது.

வெளிநாட்டுக்காரர் வொட்காவை ஊற்றுவார்கள். நம் வீடுகளில் வினாகிரியே வசதி, வேலை ஒன்றுதான். நிறமில்லாத, சுவையூட்டி சேராத, அசற்றிக் அமிலம் 4 அல்லது 5 வீதம் உள்ளது வேண்டும். தென்னங்கள்ளு வினாகிரி சமையலுக்கு இருக்கட்டும். 200 லீற்றருக்கு முதல் வாரம் நாளொன்றுக்கு 1.5 மில்லிலீற்றர், பாமசியில் வாங்கும் சிரிஞ்சால் அளந்து, காலையில், நீரோட்டம் வேகமாக உள்ள இடத்தில். அடுத்தடுத்த ஒவ்வொரு வாரமும் நாளளவை இன்னும் 1.5 மில்லிலீற்றர் கூட்டலாம். மூன்று நாலு வாரம் ஒன்றும் நடக்காததுபோல் இருக்கும். அவசரப்பட்டு இரட்டிப்பாக்குவதுதான் எல்லோரும் விடும் பிழை. நைட்ரேட் இறங்கத் தொடங்கியதும் கூட்டுவதை நிறுத்துங்கள், வேண்டிய அளவுக்கு வந்ததும் அரைவாசியாகக் குறையுங்கள்.

தண்ணீர் பால்போல் மங்கினாலோ மீன்கள் மேலே வந்து வாய் திறந்தாலோ அன்றே நிறுத்திக் காற்றைக் கூட்டுங்கள். பெருகிய பக்டீரியா ஒட்சிசனைத் தின்கிறது என்று பொருள். 29, 30 பாகைச் சூட்டில் தண்ணீர் பிடித்துவைக்கும் ஒட்சிசன் ஏற்கெனவே குறைவு. இதன் நடுவில் கரண்ட் போனால் இரண்டு மணித்தியாலத்தில் காரியம் கெட்டுவிடும். பற்றரியில் ஓடும் காற்றுப் பம்ப் ஒன்று இல்லாமல் இந்த முறையைத் தொடங்க வேண்டாம்.

பூச்சியம்வரை இறக்க ஆசைப்படவும் கூடாது. நைட்ரேட்டும் பொஸ்பேட்டும் இரண்டும் தீர்ந்த தொட்டியில் பவளம் வெளிறும், சளிபோன்ற பழுப்பு நுண்ணுயிரான டைனோஃபிளாஜெலேட் படையெடுக்கும். அதை விரட்டுவதைவிட 80 நைட்ரேட்டோடு வாழ்வது சுலபம்.

என் தொட்டி இப்போது 8க்கும் 12க்கும் இடையில் நிற்கிறது. வாரத்துக்கு 20 வீதம் தண்ணீர் மாற்றம், நாளுக்கு 3 மில்லிலீற்றர் வினாகிரி, இரண்டு வாரத்துக்கு ஒரு சோதனை. புரட்டாதி முடிவதற்குள் இரண்டு பெரிய கானில் கடல்நீர் பிடித்து வைத்துவிடுவேன். கார்த்திகையில் முகத்துவாரம் திறந்தபிறகு மார்கழி, தை முழுக்க அந்தக் கானும் ஒரு பை உப்புத்தூளும்தான்.